லண்டன் பாட்டுக்காரரும் என் மச்சானின் தலைமயிரும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தோம். வாசிப்பவர்களும் மன்னிக்க வேண்டும்.

என் மனைவியின் தம்பி ஒக்லாந்தின் ரானுயியில் எங்களோடு இருந்தான். ஹென்டர்சனில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவான். அது பொழுதுபோக்கு. லண்டனில் ரெகே என்ற மேற்கிந்தியப் பாட்டுப் பாடும் ஒருவருக்கு இங்கே பக்தனாக இருப்பதுதான் அவனுடைய உண்மையான உத்தியோகம்.

அந்தப் பாட்டுக்காரர் முதலில் வேலையில்லாத பிள்ளைகளையும் பொலிஸ் அடியையும் பற்றிப் பாடினார். சடைசடையாகத் தலைமயிர் வளர்த்தார். மச்சானும் வளர்த்தான். எங்கள் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது.

"இந்தச் சடையோட உனக்கு ஆர் பொம்பிளை தருவினம்?" என்று மனைவி கத்துவாள்.

"என்ர தலை அக்கா, அவையின்ர இல்லை."

அவள் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள்.

பிறகு பாட்டுக்காரருக்குப் புத்தி வந்தது. அல்லது பணம் வந்தது. ரெகேயில் சீனி கரைத்துக் காதல் பாட்டுப் பாடினார். இசைத்தட்டு உறையில் வெள்ளைக் கோட்டும் ஒட்ட வெட்டிய தலையுமாகச் சிரித்தார். வானொலியில் எந்நேரமும் அவர்தான். வேலையில்லாத பிள்ளைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது போலும். அந்த வாரமே மச்சானும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நியாயப்படி அந்தத் தேங்காயை லண்டனுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

உடனே ஒனிஹங்காவுக்குப் பெண் பார்க்கப் போனோம். தாய் தகப்பன் ஊரில் இருந்ததால், அவனுக்காகக் கதைக்க வேண்டியவன் நான். மழை வருமா என்றுகூட அடுத்தவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவனுக்கு நல்ல வேலை. இதுவும் தவறினால் ஒக்லாந்தில் வேறு பெண் இல்லை என்று காரில் மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள்.

வடையைப் புகழ்ந்தேன். அதோடு என் சரக்கு முடிந்தது. எல்லோரும் தேநீரைப் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணே மச்சானிடம் கேட்டாள்:

"நீங்கள் அவற்ர பாட்டு எல்லாம் வச்சிருக்கிறீங்களாம். பழசு பிடிக்குமோ, புதுசோ?"

"எல்லாம்."

"புதுசு குப்பை. மனுசன் காசுக்குத் தன்னை வித்துப்போட்டார்."

"பிள்ளை, உள்ள போ," என்றார் தகப்பன். அவள் போகவில்லை.

"உங்களை முந்தி ட்ரெயினில கண்டனான். அந்தச் சடைத் தலை வடிவு. ஏன் வெட்டினீங்கள்?"

மச்சான் என்னைப் பார்த்தான். குடும்ப மரியாதைக்காக என்று ஒரு பொய் போதும். அதற்காகத்தானே என்னைக் கூட்டிவந்தார்கள்? வாயைத் திறந்தேன்.

"லண்டனில அவர் வெட்டினவர். அதாலை இவனும் வெட்டினவன்."

மனைவி என்னைக் கிள்ளினாள்.

"ஆர் தம்பி அவர்? உங்கட குருவோ?" என்றார் தகப்பன் மரியாதையாக.

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி அவர் வெட்டினாலும் இவரை என்னைக் கேட்டிட்டு வெட்டச் சொல்லுங்கோ," என்றாள். தகப்பன் எழுந்துபோய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தார்.

வானொலி பாட்டுக்காரரை மறந்துவிட்டது. மச்சானுக்கு இப்போது அவனைக் கட்டிய அந்தப் பெண்தான் சமையலறைக் கதிரையில் இருத்தி முடி வெட்டுகிறாள், பழைய பாட்டைப் போட்டுவிட்டு. ஒரு பக்கம் எப்போதும் ஏற்றம். அவன் அப்படியே வேலைக்குப் போகிறான்.

ரானுயி, 12.11.1989, ஞாயிற்றுக்கிழமை.