பிரிஜட்டின் கம்ப்யூட்டரும் டாக்ஸி மாதாவும்

பிரிஜட்டுக்குக் கோபம் வந்தால் முதலில் டைப்ரைட்டருக்குத்தான் தெரியும். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனியில் அவள் வேலை பார்த்த காலத்தில், விசை தட்டுகிற சத்தத்தை வைத்தே காலையில் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று பக்கத்து மேசைக்காரர்கள் ஊகித்துவிடுவார்கள். ஆனால் எவ்வளவு கோபத்தில் தட்டினாலும் ஓர் எழுத்து தப்பாது. அது செம்பவாங்கில் பழகிய கை. அப்பா அங்கிருந்த வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குச் சாயம் அடித்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், மாதா கோயில் மண்டபத்துச் சாயங்கால வகுப்பில் டைப்பிங் படித்தாள். அந்தக் கோயிலின் பங்குச் செய்தித்தாளை வாராவாரம் அடித்துக் கொடுத்துக் கையைத் தேற்றிக்கொண்டாள். வெள்ளைக்காரர்கள் தளத்தைவிட்டுப் போன வருஷம் நகரத்துக்கு வந்தாள். வந்த இடத்தில் வேலையும் கிடைத்தது, சவரிராஜும் கிடைத்தார். இரண்டில் எது பெரிய அதிர்ஷ்டம் என்று கேட்டால் அன்றன்றைக்கு ஒரு பதில் சொல்வாள்.

சவரிராஜ் டாக்ஸி ஓட்டுபவர். எண்பதாம் ஆண்டு, ஒரு மழை நாளில், தாம்சன் ரோட்டில் ஒரு லாரி அவர் வண்டியை இடித்துத் தள்ளியது. கதவு திறந்து அவர் வெளியே போய் விழுந்தார். விழுந்தது புல்லில். ஒரு கை தூரத்தில் ஆள் ஆழத்துக்கு லோங்காங், சிமெண்டுச் சாக்கடைக் கால்வாய், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒரு கால் முறிந்ததோடு போயிற்று. வண்டி மட்டும் அப்பளமாக நொறுங்கிவிட்டது. அதைப் பார்க்கப் போனவர்கள் வந்து சொன்ன சேதியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி போய், கூரை நெளிந்து, ஸ்டியரிங் வளைந்து கிடந்த அந்த வண்டியில், முன்னால் வைத்திருந்த விரல் நீள வேளாங்கண்ணி மாதா மட்டும் வைத்தது வைத்தபடி நின்றார்களாம்.

அதன் பிறகு அவரால் நாள் முழுக்க வண்டி ஓட்ட முடியவில்லை. இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டு அரை ஷிஃப்ட்தான். அடுத்தவர் வண்டியில் நம் மாதா எதற்கு என்று சிலையைப் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டிலேயே சுவரில் அடித்திருந்த ஜெபத் தட்டில் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் படிக்கிற வயது. வீடு ஓடியது பிரிஜட்டின் சம்பளத்தில்தான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் எண்பத்தாறு வந்தது. ஊரெங்கும் ஆட்குறைப்பு. பிரிஜட்டின் கம்பெனியில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகச் சொன்னார்கள். நாலு டைப்பிஸ்ட் இருந்த இடத்தில் இனி இரண்டு பேர் போதும். மாதக் கடைசியில் ஒரு பரீட்சை. அவரவர் பழகிய டிஸ்க்கையே கொண்டுவந்து, கொடுத்த கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, திரையிலேயே திருத்தி, அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். நன்றாகச் செய்யும் இருவர் தங்கலாம், முடிவு அன்றைக்கே.

மேனேஜர் தனசேகரன் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட சேதி சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவரும் தாழ்த்திக்கொண்டார்.

"ஸ்டோர்ரூம்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, பிரிஜட். மத்தவங்களுக்கெல்லாம் எங்கயாவது கிளாஸ் போக வசதி இருக்கு. நீங்க இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகுங்க. உங்களை அனுப்ப எனக்கு மனசில்ல லா."

அந்த ஒரு வார்த்தைக்காக பிரிஜட் கடைசிவரை அவருக்கு நன்றியோடு இருந்தாள்.

கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பெட்டியும் திரையுமாகச் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. முகப்பில் இரண்டு வாய். ஒரு வாயில் புரோகிராம் டிஸ்க், இன்னொரு வாயில் நாம் எழுதுவதைச் சேமிக்கிற டிஸ்க். அப்பள அகலத்தில் கறுப்பாக, தொட்டால் வளைகிற டிஸ்க்குகள். அவற்றின் காகித உறையில் செய்யக் கூடாதவற்றைப் படம் போட்டுக் குறுக்கே கோடு அடித்திருந்தார்கள். வளைக்காதே, விரல் வைக்காதே, வெயிலில் காட்டாதே. கடைசியில் லாடம் மாதிரி ஏதோ ஒரு படம்.

"ரேஸ் பக்கம் போகாதேன்னு உன் மேனேஜர் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கார்," என்றார் சவரிராஜ். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத்தில் கொஞ்சம் விட்டவர் அவர். பிரிஜட் சிரித்துவிட்டு உறையை மூடினாள்.

முதல் சாயங்காலம் எல்லாம் அழகாக நடந்தது. தப்பாக அடித்ததை ரப்பரும் வெள்ளை மையும் இல்லாமல் அழிக்க முடிகிறது என்பதில் அவளுக்கு நம்பவே முடியாத சந்தோஷம். மறுநாள் இரண்டு பத்தி அடிப்பதற்குள் திரை அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்துவிட்டுப் போட்டாள். கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடி நின்றது.

சூடாகிறது என்றார் சவரிராஜ். மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே வைத்தார்கள். வீட்டில் எல்லோரும் வியர்த்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் மட்டும் காற்று வாங்கியது. அன்றைக்குத் தனசேகரனும் புரோகிராமுக்குப் புதுப் பிரதி ஒன்று கொடுத்திருந்தார். அது ஓடியது. விசிறியால்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் விசிறி ஓடியபடியே இருக்க, கம்ப்யூட்டர் நின்றது. பிறகு பழி ஃபிரிட்ஜ் மேல் விழுந்தது. இரண்டுக்கும் ஒரே பிளக் என்பதால் கரெண்டு போதவில்லையாம். ஃபிரிட்ஜை அணைத்து வைத்ததில் மீன் கெட்டதுதான் மிச்சம். தூசி என்று துடைத்தாள். மேலே போட்டிருந்த பின்னல் விரிப்பை எடுத்துவிட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. மாதம் பாதி ஓடிவிட்டது. பிரிஜட்டுக்குப் பயம் வந்துவிட்டது. கடிதம் அடிக்க அவளுக்குத் தெரியும், ஆனால் இந்தப் பெட்டி நிற்காமல் ஓடினால்தானே பழக முடியும்.

அப்போதுதான் அப்துல் மஜீதைப் பற்றி யாரோ சொன்னார்கள். லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் ரேடியோ பழுது பார்க்கிற கடை. மஜீது முப்பது வயதுக்காரர். கம்ப்யூட்டரும் பார்க்கத் தொடங்கியிருந்தார். டாக்ஸியின் பின்சீட்டில் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்து சவரிராஜ் கொண்டுபோனார். மஜீது மூடியைக் கழற்றி, டிஸ்க் போகிற வாயைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்து, தன்னிடமிருந்த டிஸ்க்கைப் போட்டு ஓட விட்டார். கடை சாத்துகிற வரைக்கும் அது நிற்காமல் ஓடியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அக்கா. இந்தாங்க, புது டிஸ்க்," என்று கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்து ஒரு சாயங்காலம் ஓடியது. மறுநாள் நின்றது. அன்றைக்கு பிரிஜட் குளியலறைக்குள் போய் அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கீழே பொதுத் தொலைபேசிக்குப் போய் மஜீதுக்குப் போன் போட்டாள்.

மஜீது சலித்துக்கொள்ளவில்லை. "என் கடையில ஓடுது, உங்க வீட்டுல நிக்குது. அப்ப கெட்டுப்போறது டிஸ்க்தான் அக்கா, மெஷின் இல்ல. எப்படிக் கெட்டுப்போகுதுன்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை வரேன்."

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி சுமாருக்குச் சொன்னபடி வந்தார். பூசையிலிருந்து திரும்பும் வழியில் பிரிஜட் மார்க்கெட்டில் மலாய்க்கார அம்மாவின் கடையில் அவருக்காக கோரெங் பிசாங், வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வைத்திருந்தாள். தன் வீட்டுப் பலகாரத்தை அவர் சாப்பிடத் தயங்கக் கூடாதே என்ற யோசனை. மஜீது அதைக் கவனித்தார், ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்.

"நீங்க தினம் என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க. நான் சும்மா பாக்குறேன்," என்றார்.

அவர் கொண்டுவந்த புது டிஸ்க்கைப் போட்டு பிரிஜட் ஒரு கடிதம் அடித்தாள். நிற்கவில்லை. சேமித்தாள், அணைத்தாள், டிஸ்க்குகளை வெளியே எடுத்து உறையில் போட்டு, தினமும் வைக்கிற மாதிரியே இரும்பு அலமாரியின் மேல் வைத்தாள். சவரிராஜும் தினமும் செய்கிற மாதிரியே எழுந்து, ஜெபத் தட்டிலிருந்த டாக்ஸி மாதாவை எடுத்துவந்து டிஸ்க்குகளின் மேல் வைத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். தன்னைக் காப்பாற்றிய மாதா தன் மனைவியின் வேலையையும் காப்பாற்றட்டும் என்று கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே அவர் ஆரம்பித்த வழக்கம் அது. காலை வரைக்கும் மாதா அங்கேயேதான் இருப்பார்கள்.

மஜீது டீயைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இது காருல வைக்கிற சிலையா?"

"ஆமா தம்பி. ஆக்சிடெண்ட்லகூட அசையாத மாதா."

"நான் தொட்டா நல்லா இருக்காது. நீங்களே கொஞ்சம் தூக்கிப் பிடிங்க." சவரிராஜ் தூக்கினார். மஜீது சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு திருகாணியை எடுத்துச் சிலையின் பாதத்துக்குக் கீழே நீட்டினார். திருகாணி அவர் விரலைவிட்டு எழும்பிப் போய் அடியில் ஒட்டிக்கொண்டது. பிறகு டிஸ்க் உறையைத் திருப்பி, கடைசிப் படத்தைக் காட்டினார். "இது காந்தம் அண்ணே. டிஸ்க்ல எழுதியிருக்கிறதெல்லாம் காந்தம் பட்டா கலைஞ்சு போயிடும்."

சவரிராஜ் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் வேலைக்கு உலை வைத்தது தன் கை என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று அவர் முகத்தில் இறங்கிக்கொண்டிருந்ததை பிரிஜட் பார்த்தாள்.

"அப்ப, அன்னைக்கு வண்டியில விழாம நின்னது..." என்றவர் முடிக்கவில்லை. சிலையைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

மஜீது புதுப் பிரதிகள் போட்டுக் கொடுத்துவிட்டு, இனி ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்லிக் கிளம்பினார். லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பிய பிரிஜட்டுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேற்று மதத்து மனிதர், ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்தவர், தொடக் கூடாததைத் தொடாமல், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்காமல் வேலையை முடித்துக்கொண்டு போகிறார். அன்று முதல் குடும்ப ஜெபத்தில் அவர் பெயரும் சேர்ந்துகொண்டது.

திரும்பி வந்தபோதும் சவரிராஜ் ஜன்னல் பக்கமே நின்றார். பிரிஜட்டுக்கு மெதுவாகப் பேச வராது. டைப் அடிக்கிற மாதிரிதான் பேசுவாள்.

"இங்க பாருங்க. சிலையைக் காந்தம் பிடிச்சிருந்துச்சு, சரி. உங்களை லோங்காங்ல விழாம புல்லுல போட்டது எந்தக் காந்தம்? உங்க இடுப்புல ஏதாச்சும் கட்டியிருந்தீங்களா?"

சவரிராஜ் திரும்பி அவளைப் பார்த்தார்.

"எனக்கு மாதா விழாம நின்னது முக்கியமில்ல. நீங்க உசுரோட வந்தீங்க. அதுக்குத்தான் நான் இன்னைக்கும் நன்றி சொல்றேன். டிஸ்க் கெட்டா வேற டிஸ்க் இருக்கு லா. சாப்பிட வாங்க."

அவர் சாப்பிட வந்தார். ஆனாலும் அந்த வாரம் முழுக்கச் சிலைப் பக்கம் கையை நீட்டவில்லை. பிரிஜட் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பரீட்சைக்குப் பழகினாள். கம்ப்யூட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. விசிறி மறுபடி மனிதர்களுக்குக் கிடைத்தது. பத்தியை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கவும், ஓரத்தை நேராக்கவும், எழுதியதைத் தேடிப் பிடிக்கவும் அவள் கை பழகிவிட்டது.

பரீட்சை நாள் காலையில் அவளை வேலைக்குக் கொண்டுவிட சவரிராஜே டாக்ஸியோடு கீழே வந்து நின்றார். பிரிஜட் கைப்பையில் டிஸ்க்குகளோடு வந்து, எப்போதும்போல் முன் கதவில் கை வைத்தாள்.

"முன்னால வேணாம். பின்னால போய் உக்காரு," என்றார் சவரிராஜ்.

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாதா நின்றார்கள். இன்றைக்குத் தன் ஷிஃப்ட்டுக்கு மட்டும் வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்தார்.

"இன்னும் நல்லா மூலைக்குப் போ. டிஸ்க்கை மடியிலயே வச்சுக்கோ. அவங்க என்னைப் பாத்துக்குவாங்க, நீ அதைப் பாத்துக்கோ."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் டாக்ஸியின் பின்சீட்டில் பிரிஜட் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கம்பெனி வாசல் வரைக்கும் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டும், நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டும் போனாள்.

மத்தியானம் அவள் வெளியே வந்தபோது டாக்ஸி எதிரே காத்துக்கொண்டிருந்தது. சவாரி ஏற்றுவதில்லை என்ற பலகை மாட்டியிருந்தது. சவரிராஜ் இறங்கி, நொண்டிக்கொண்டே சுற்றிவந்து, பின் கதவைத் திறந்து பிடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

பிரிஜட் அவரைத் தாண்டிப் போய் முன் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய், டிஸ்க் எங்க?" என்றார் அவர் பதறிப்போய்.

"என் மேசை டிராயர்ல. நாளைக்கும் வேணுமே," என்றாள் பிரிஜட்.