பிறின்சி போடுற நிழல்

மாங்குளம் சந்தியிலை படக்கடை வைச்சிருக்கிற பிறின்சியை நான் முதலிலையிருந்தே நம்பிறேல்லை. சேர்ச்சுக்குப் போற வேதக்காரி எண்டதுக்காக இல்லை. முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை, தேப்பன் கடல்தொழில், கிழிஞ்ச வலை பொத்தின கை இப்ப கொம்பியூட்டர் தட்டுது. அதிலை ஒரு பிழையுமில்லை. நான் நம்பாதது அவள் போடுற நிழலைத்தான்.

ஒருக்கா அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போய்க் காத்திருக்கேக்கை பாத்தனான். சாமத்தியப்பட்ட பெட்டை ஒண்டைச் சுவரிலை தொங்கிற பச்சைச் சீலைக்கு முன்னாலை நிக்கவிட்டு எடுத்தாள். பிறகு கொம்பியூட்டரிலை அந்தச் சீலையைக் கழட்டிப்போட்டு ஒரு நீர்வீழ்ச்சியைக் கொண்டந்து வைச்சாள். பெட்டை அதிலை ஒட்டுப்பட்டு நிண்டுது. இவள் நீர்வீழ்ச்சியைக் கொஞ்சம் மங்கவிட்டாள். பெட்டையின்ர காலடியிலை கறுப்பாய் ஒண்டைத் தடவி, அடுப்புச் சாம்பலை இழுக்கிறமாதிரி ஒரு பக்கம் இழுத்துவிட்டாள். அவ்வளவுதான். பெட்டை நிலத்திலை நிக்குது, தண்ணி எங்கையோ தூரத்திலை விழுகுது. வெய்யில் இல்லாத இடத்திலை நிழல் செய்யிறவள் வேறை என்னதான் செய்யமாட்டாள் எண்டு அண்டைக்கே மனதிலை போட்டு வைச்சன்.

வயசு முப்பது தாண்டியிருக்கும். கலியாணம் ஏன் கட்டேல்லை எண்டு நேரவே கேட்டனான்.

"கேட்டு வாற மாப்பிள்ளையளின்ர படம் எல்லாம் முதல் என்னட்டைத்தானே வருது ஆச்சி. வெள்ளையாக்கிறது நான்தானே" எண்டாள்.

சிரிப்பு வந்தது. நான் சிரிக்கேல்லை.

கனகராயன்குளத்திலை எனக்குப் பக்கத்து வளவு கமலாசனி. புருசன் வீரகத்தி காய்ச்சல்லை போய்ச் சேந்திட்டார். மகள் வதனி லண்டனிலை, மகன் சிவகரன் பிரான்சிலை. புது வீட்டுக் குடிபூரலுக்குச் சுவரிலை மாட்ட ஒரு குடும்பப் படம் வேணுமெண்டு வதனி பிறின்சிக்குச் சொல்லிச் செய்விச்சாள். எல்லாரும் ஒரு இடத்திலை நிண்ட காலம் போச்சுது, ஆளாளின்ர படத்தை வெட்டித்தான் சேக்கோணும்.

எங்கட பக்கம் இப்பிடிச் சேக்கிற படத்துக்கு ஒரு முறை இருக்கு. இருக்கிறவை முன்னுக்குப் பளிச்செண்டு நிப்பினம். செத்தவை பின்னுக்குப் புகை மாதிரித் தெரிவினம். சின்னப்பிள்ளைக்கும் உது விளங்கும். கமலாசனி வீட்டுப் படத்தைப் பாத்தால், செத்த வீரகத்தி முன்னுக்குக் கதிரையிலை, வேட்டி மடிப்புத் தெரிய இருக்கிறார். கதிரைக் காலுக்குக் கீழ நிழலும் கிடக்கு. சிவகரன் பின்னுக்கு வாசல் படலையடியிலை சின்னனாய், மங்கலாய் நிக்கிறான்.

"உவன் செத்திட்டான் போல கிடக்கு" எண்டு முதல் சொன்னது நான்தான். குடிபூரல் சாப்பாட்டிலை பக்கத்திலை இருந்த சிவனேஸ்வரிக்கு மட்டும் சொன்னனான். அவளுக்குச் சொன்னால் லவுட்ஸ்பீக்கருக்குச் சொன்ன மாதிரி. ஆனால் நான் சும்மா சொல்லேல்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு அவன் தாயோட கதைக்கவே இல்லை. கேட்டால் வதனி இரவு வேலை எண்டுவாள். வெளியிலை இருக்கிறவை வயசுபோன தாய்க்குச் செத்த செய்தி மறைக்கிறதை நான் கண்டிருக்கிறன்.

பிள்ளையார் கோயில் பொங்கலுக்குக் கமலாசனி பானையோட போனவா. செத்தவீட்டுத் துடக்கோட வாறா எண்டு ரெண்டு மூண்டு பேர் விலத்தி நிண்டிருக்கினம். அப்பதான் அவவுக்குக் கதை எட்டினது. பானையை இறக்காமல் அப்பிடியே என்ர விறாந்தைக்கு வந்து இருந்தா.

"அக்கா, என்ர பிள்ளை இருக்கிறானோ இல்லையோ எண்டு அந்தப் படக்காரியைக் கேட்டுச் சொல்லுங்கோ. வதனி எனக்கு உண்மை சொல்லமாட்டாள்."

அடுத்தநாள் கண்டி றோட்டிலை பஸ் ஏறிப் போனன். பிறின்சி கதிரை போட்டாள், சோடா உடைச்சாள். நான் குடிக்கேல்லை. ஏன் செத்தவரை முன்னுக்கும் இருக்கிறவனைப் பின்னுக்கும் வைச்சனி எண்டு கேட்டன். ஐயாவை மங்கவிடாதை, எனக்குப் பக்கத்திலை இருத்து எண்டு கேட்டது கமலாசனியம்மாதானாம். எல்லாரையும் ஒரே அளவிலை முன்னுக்கு வைச்சால் படம் தட்டையாப் போயிடுமாம், ஆரும் ஒருத்தர் தூர நிண்டால்தான் முற்றம் முற்றமாத் தெரியுமாம். விரலை மூக்குக்கு முன்னாலை பிடிச்சு, விரலையே பாக்கச் சொன்னாள். அப்ப தூரக் கிடக்கிற கதவு மங்குமாம்.

"எனக்குக் கண்ணிலை வெண்படலம். விரலும் மங்கல், கதவும் மங்கல். உந்த விளையாட்டை விட்டிட்டு, தூர நிக்க ஏன் அவனைப் பிடிச்சனி எண்டு சொல்லு" எண்டன்.

அவள் என்ர முகத்தைப் பாக்கேல்லை, கொம்பியூட்டர்க் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லுறவை கைக்கு வேலை தேடுவினம். நான் எழும்பேல்லை. கடைசியிலை சிவகரன்ர முகத்தைப் பெருப்பிச்சுக் காட்டினாள். கண்ணும் மூக்கும் சதுரம் சதுரமாப் பிரிஞ்சு கிடந்தது. ஆற்றையோ கலியாணப் படத்திலை மூலையிலை நிண்டவனை வதனி வெட்டி அனுப்பினவளாம். முன்னுக்கு வைக்க ஏலாது, தூர வைச்சு மங்கவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாதெண்டு இவள் செய்திருக்கிறாள்.

"அவன் ஏன் புதுப்படம் அனுப்பேல்லை?"

"வதனியக்கா எடுத்தாலும் அவர் போன் தூக்கிறேல்லையாம். அம்மாக்குச் சொல்லாதை எண்டவா."

"அப்ப அவன் இருக்கிறானோ?"

"எனக்குத் தெரியாது ஆச்சி. அவவுக்கும் தெரியாது."

அதுதான் அவள் எனக்குச் சொன்ன முதல் உண்மை எண்டு நினைக்கிறன். நான் பாத்துக்கொண்டிருக்கவே லண்டனுக்கு எடுத்தாள். மெல்லமாத்தான் கதைச்சாள். அக்கா, ஆளைப் பிடியுங்கோ, பிரான்சிலை ஊர்ப்பெடியள் இருப்பினம்தானே, அனுப்பித் தேடுங்கோ, ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை பதில் இல்லாட்டி நானே போய் அம்மாட்டைச் சொல்லுவன் எண்டாள். நான் பஸ்ஸிலை வரேக்கையும் யோசிச்சன், உதுவும் நடிப்போ எண்டு.

ஞாயிறு பூசை முடிய உண்மையாவே வந்திறங்கினாள். கமலாசனி வீட்டு விறாந்தையிலை மூண்டு பேரும் இருந்தம். ஆரும் தேத்தண்ணி குடிக்கேல்லை. பின்னேரம் போன் அடிச்சது. சிவகரன். முகம் தெரியுது, தாடி வைச்சு மெலிஞ்சுபோனான். கமலாசனி போனைக் கையாலை தடவுறா. ஆனால் அவனுக்குப் பின்னுக்கு எல்லாம் புகை. அதே புகை. நான் பிறின்சியைப் பாத்தன், அவள் கீழ பாத்தாள்.

போனைப் பறிச்சன்.

"தம்பி, உன்ர பின்னுக்குக் கிடக்கிற புகையை எடு."

"அது போன் தானாச் செய்யிறது மாமி. விடுங்கோ."

"எடு. இல்லாட்டி நீ சிவகரன் இல்லை."

தலையைத் திருப்பிப் பின்னுக்கு ஒருக்காப் பாத்தான். பிறகு எதையோ அமத்தினான். புகை போச்சுது. ஒண்டுக்கு மேல ஒண்டாய் இரும்புக் கட்டில், மேல்கட்டிலிலை ஆரோ போத்து மூடிக்கொண்டு நித்திரை. கயித்திலை ஈர உடுப்பு. நிலத்திலை சோத்துச்சட்டி. வேலையுமில்லையாம், வீசாவும் இழுபடுதாம். உதைக் காட்ட விருப்பமில்லாமல்தான் எடுக்காமல் இருந்தவனாம். கமலாசனி அழேல்லை. அந்த அறைக்குள்ளை ஒவ்வொண்டாப் பாத்தா. பிறகு, உந்தச் சன்னலைச் சாத்து, குளிரல்லோ எண்டு சொன்னா.

அவன் அந்த அறையிலை நிண்டு ஒரு படம் அனுப்பினான். முன்னுக்குக் கொண்டுவந்து ஐயாக்குப் பக்கத்திலை வைக்கிறன் எண்டாள் பிறின்சி. கமலாசனி வேண்டாம் எண்டிட்டா. நிக்கிற இடத்திலையே நிக்கட்டும், முகம் மட்டும் தெரியோணும் எண்டா.

"தூர நிக்கிறவரின்ர முகம் அப்பிடித் தெரியாது அம்மா. வெட்டி ஒட்டினமாதிரி இருக்கும்."

"இருக்கட்டும் பிள்ளை."

இப்ப படம் பாக்க அலங்கோலந்தான். படலையடியிலை ஒருத்தன் சின்னனாய், ஆனால் தாடி மயிர் தெரியத் தெளிவாய் நிக்கிறான். ஆனால் துடக்கெண்டு ஆரும் கதைக்கிறேல்லை, கமலாசனி பானையோட கோயிலுக்குப் போறா. படத்துக்கு வந்த காசைப் பிறின்சி திருப்பிக் கொடுத்தாளாம், எனக்கு அதிலையும் சந்தேகம்.

போன கிழமை சந்தியிலை கண்டவள், ஆச்சிக்கு நல்ல படம் ஒண்டு எடுத்து வைப்பம், செத்தவீட்டுக்கும் உதவும் எண்டாள். எடுக்கலாம், உன்ர பச்சைச் சீலையைக் கழட்டிப்போட்டு, வெய்யிலிலை நிக்கவிட்டு எடு, நிழல் நான் கொண்டுவாறன் எண்டிட்டு பஸ் ஏறினன்.