நான்தான் என்பதற்கு அத்தாட்சி

என் மனைவியின் தம்பி போன் கம்பனிக் கடையில் வேலை செய்கிறான். எங்கள் ஊர் வழக்கப்படி நான் பெண்வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளை; அவனும் அதே வீடுதான். அன்று காலை என் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பம் தின்றுவிட்டு, நான் ஒரேயொரு தரம் போட்ட நீலச் சட்டையைக் கேளாமலே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

என் சிம் பழுதாகியிருந்தது. அதே நம்பருக்குப் புதுசு எடுக்க அவனிடமே போய் நின்றேன்.

“ஐடென்டிட்டி கார்ட் தாங்க, மச்சான்.”

“அது வீட்ட கிடக்கு. என்னத் தெரியாதா ஒனக்கு?”

“தெரியும். ஆனா வேற ஆள் வந்து ஒங்கட நம்பர எடுத்து, ஒங்கட பேரால ஊர ஏமாத்தினா? அதுக்குத்தான் அரசாங்கம் புதுச் சட்டம் போட்டிரிக்கு. கார்ட் இல்லாம ஏலா.”

வரிசையில் நின்றவர்கள் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் என் கல்யாணச் சோறு தின்றவர்கள்.

கல்முனை வெயிலில் வெந்துகொண்டு வீட்டுக்குப் போய் அலுமாரியைப் புரட்டினேன். கார்ட் இல்லை. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நேத்து அந்த நீலச் சேட்டுப் பொக்கட்டுலதானே வெச்சீங்க?”

திரும்பிப் போனேன். மேசைக்கு மேலால் கையை நீட்டி, மச்சானின் நெஞ்சுப் பொக்கட்டுக்குள் விரலை விட்டுக் கார்ட்டை எடுத்து, அவன் கையிலேயே வைத்தேன். வெட்கப்படுவான் என்று நினைத்தேன்.

படத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

“ஓம், நீங்கதான்” என்றான்.