வெர்லா நிறுத்தாத கடிகாரம்

வெர்லா ஹவ்லிக் முப்பத்தொரு வருஷம் ஹேஸ்டன் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டினாள். எந்த வீட்டு வாசலிலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. பனி கொட்டினாலும் சரி, பாதிரியார் மகள் ஒற்றைக் காலில் ஷூவோடு ஓடிவந்தாலும் சரி, இரண்டு நிமிஷம் ஆனால் கதவு மூடிவிடும். அப்படி ரோட்டில் விடப்பட்ட பிள்ளைகள்தான் இன்றைக்கு நாற்பதைத் தாண்டி, தொப்பை வைத்து, ஊரில் பெரிய மனிதர்களாக உலாவுகிறார்கள். அவர்களுக்கு அவள்மேல் பாசமும் உண்டு, தீராத கடுப்பும் உண்டு.

சனிக்கிழமைகளில் அவளுக்கு வேறு வேலை. ஊர்க் கல்லூரியின் கால்பந்து ஆட்டத்துக்குக் கடிகாரம் ஓட்டுவது. பந்தைக் காலால் உதைப்பதைவிட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதே அதிகமான நெப்ராஸ்கா மாநிலத்துக் கால்பந்து அது. மைதானத்துக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாள். கீழே வரிச்சட்டை நடுவர் தலைக்கு மேல் கையை ஆட்டினால் நிறுத்த வேண்டும், கையை ராட்டினமாகச் சுற்றினால் ஓடவிட வேண்டும். பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தங்கை கல்யாணத்தைச் சனிக்கிழமை வைத்தபோது, விருந்து ஆறிய பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். புருஷன் செத்த வருஷத்தில் அவளை எழுந்து நடமாட வைத்ததும் அந்த நாற்காலிதான்.

போன சனிக்கிழமை அதற்கு ஆபத்து வந்தது. ஆட்டம் முடியப் பதினான்கு நொடி. ஹேஸ்டன் இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. கடிகாரத்தை நிறுத்த இடைவேளை கேட்கும் வாய்ப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. கோல் கம்பத்துக்கு நடுவே ஒரு உதை விழுந்தால் மூன்று புள்ளி, வெற்றி. நம் பையன் பந்தைப் பிடித்து ஓரக்கோட்டை ஒட்டி ஓடினான். எதிரணித் தடியர்கள் இரண்டு பேர் அவனை மறித்து, அப்படியே பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே போட்டார்கள்.

ஓடுகிறவன் கோட்டைத் தாண்டினால் கடிகாரம் நிற்கும் என்பது ஹேஸ்டனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சியாளர் சாவகாசமாக உதைக்கிற பையனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். நடுவரோ கையைச் சுற்றினார். வெர்லா ஓடவிட்டாள். ஊரே தலையைத் தூக்கிப் பார்த்தபோது நான்கு நொடி மிச்சம். உதைக்கிறவன் ஓடி வருவதற்குள் அதுவும் போய்விட்டது.

நடுவர் வெளியூர்க்காரர். அவரைத் திட்டி வாய் வலித்த பிறகு ஊர் வெர்லா பக்கம் திரும்பியது. திங்கட்கிழமைக்குள் அவள் பெயர் முடிவெட்டும் கடையில், தேவாலய வாசலில், கால்நடைத் தீவனக் கடையில் எல்லாம் அடிபட்டது. தானியக் கிடங்கு லோவெல் ப்ரோகாப், ரசிகர் சங்கத் தலைவன், அவளை மாற்றச் சொல்லிக் கல்லூரிக்கு மனு ஒன்று அடித்துவிட்டான். புதன்கிழமை காலை ரொட்டிக் கடையில் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு.

வெர்லாவுக்கு ஆத்திரம் வந்தது. உட்கார்ந்து அழுகிற ரகம் அல்ல அவள். பேருந்துக் காலத்து நிறுத்துக்கடிகாரத்தை டிராயரிலிருந்து எடுத்தாள். ஆட்டத்தின் வீடியோப் பதிவைப் போட்டு, முதல் நொடியிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்தையும் சரிபார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஓர் இடத்தில் வந்து நின்றாள். அதையே பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அந்தக் கடிகாரத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை ரொட்டிக் கடைக்குள் அவள் நுழைந்தபோது பேச்சு அறுந்தது. பிளம் ஜாம் வைத்த பன்னை வாயில் வைத்தவர்கள் மெல்லவில்லை. மனு மேஜைமேல் இருந்தது, இன்னும் ஒரு கையெழுத்தும் விழாமல்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க. என்னைப் பத்தித்தானே?" என்றாள் வெர்லா.

லோவெல் தொண்டையைச் செருமினான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவன் கால் கோட்டுக்கு வெளிய இருந்துச்சு. நாலாயிரம் பேர் பார்த்தோம்."

"ஆறாங் கிளாஸ்ல என்னைப் பனியில விட்டுட்டுப் போன ஆளுப்பா இது. அன்னிக்கும் நிக்கல, இன்னிக்கும் நிக்கல" என்றான் முடிவெட்டும் கேலன். கடை சிரித்தது.

"நீ அன்னிக்கும் லேட்டு, இன்னிக்கும் லேட்டுடா. லோவெல், எந்திரி. அந்த ரொட்டியைப் பந்தா அணைச்சுக்கோ. இந்த வாசப்படிதான் கோடு. படியில நின்னு உள்ள ஓடி வா. கேலன், படிக்கு ரெண்டடி உள்ள வந்ததும் அவனை மறிச்சு, பின்னால தள்ளி வெளிய போடு."

இரண்டு பெரிய ஆட்களும் அசட்டுச் சிரிப்போடு எழுந்தார்கள். பேருந்தில் அவள் குரலுக்கு உட்கார்ந்து பழகிய உடம்பு. லோவெல் ஓடினான், கேலன் மறித்தான், மூச்சு வாங்க வாங்க முதுகுப்பக்கமாகவே தள்ளிக் கொண்டுபோய் நடைபாதையில் விட்டான்.

"நான் வெளியதான் இருக்கேன்! கடிகாரம் நிக்கணும்!" என்று ரொட்டியோடு கத்தினான் லோவெல்.

"நீயா போனியா, கொண்டுபோய்ப் போட்டாங்களா?"

லோவெல் திரும்பி வாசப்படியைப் பார்த்தான்.

"எங்க உன்னை முன்னால போகவிடாம நிறுத்தினானோ, அங்கயே உன் ஓட்டம் முடிஞ்சுபோச்சு. அது கோட்டுக்கு உள்ளதான், அதனால கடிகாரம் நிக்காது. நடுவர் சுத்துனாரு, நான் ஓடவிட்டேன். நாளைக்குச் சுத்துனாலும் ஓடவிடுவேன்."

"அதெல்லாம் சட்டம் அக்கா. நீங்க நம்ம ஊரு. விரல் கொஞ்சம் நம்ம பக்கம் சாஞ்சிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கேலன்.

வெர்லா நிறுத்துக்கடிகாரத்தை மனுமேல் வைத்தாள்.

"சாஞ்சுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். ரெண்டாவது கால்பகுதி கடைசியில ஒரு நொடி மிச்சம்னு நம்ம பையன் உதைச்சு மூணு புள்ளி எடுத்தான் பாரு, அந்த நொடியே கிடையாது. நடுவர் கை தூக்குறதுக்கு முன்னாலயே என் விரல் நிறுத்திருச்சு. ஆசைதான். உங்களுக்கு இருக்குற அதே ஆசை. நீங்க ரெண்டு புள்ளியில தோக்கல. அஞ்சு புள்ளியில தோத்தீங்க."

லோவெல் ரொட்டியோடு உள்ளே வந்து மனுவை எட்டிப் பார்த்தான்.

"இந்த மனுவுல காரணம் தப்பா இருக்கு. அதை அடிச்சுட்டு, உண்மைக் காரணத்தை எழுதறேன். அப்புறம் யார் வேணாலும் கையெழுத்துப் போடுங்க" என்றாள். நின்றபடியே எழுதினாள்.

தாள் ஒவ்வொரு மேஜையாகப் போனது. யாரும் பேனாவைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டால் ஐந்து புள்ளித் தோல்வியை ஊரே எழுதிக்கொடுத்ததாக ஆகும். அது எதிரணி ஊரின் காதுக்குப் போனால் இருபது வருஷத்துக்குத் தலைகாட்ட முடியாது. தாள் ஒரு சுற்று சுற்றி அவளிடமே வந்தது. வெர்லா தன் பெயரைப் போட்டு, அவளே கல்லூரி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு ஆட்டம் மட்டும் வெளியே இரு, பிறகு வா என்று பதில் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சனிக்கிழமை அவள் பார்வையாளர் பலகை வரிசையில், லோவெலுக்கும் கேலனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கண்ணாடி அறையில் வேறு யாரோ இருந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து சூப்பையே குடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கால்பகுதியில், ஹேஸ்டன் முன்னணியில் இருந்தபோது, எதிரணிப் பையனை நம் ஆட்கள் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே போட்டார்கள். நடுவர் கையைச் சுற்றினார். ஆனால் கடிகாரம் நின்றுபோய், எதிரணிக்கு நேரம் மிச்சமாயிற்று. மேலே இருந்த புதிய ஆள் ஏமாந்துவிட்டான்.

வெர்லா சூப்பை வைத்துவிட்டு எழுவதற்குள், லோவெல் ப்ரோகாப் பலகைமேலேயே ஏறி நின்றிருந்தான்.

"ஓடவிடுடா! அவன் உள்ளயே நின்னுட்டான்!" என்று கண்ணாடி அறையைப் பார்த்து அலறினான். பிறகு கீழே குனிந்து, "அக்கா, அடுத்த வாரம் நீங்க மேல போயிருங்க. இவன் நம்மளைக் கொன்னுருவான்" என்றான்.