கரடிக்குச் சோறு போடாதவர்

வேலை ஒப்பந்தத்தில் 'வனவிலங்கு மோதல் தடுப்பு உதவியாளர்' என்று இருக்கிறது. ஆளோ, ராஜபாளையத்தில் பக்கத்து வீட்டு நாயை அவிழ்த்துவிட்டிருந்தால் அடுத்த தெரு சுற்றி வீட்டுக்குப் போகிறவர். பிச்சை முகம்மது ஒரு சமையல்காரர். கோடை மாதங்களில், வடதுருவத்தை ஒட்டிய தீவொன்றில் ஆராய்ச்சியாளர்களின் முகாமுக்குச் சமைக்கிறார். துப்பாக்கி அங்கே வேறொருவர் கையில். இவருடைய பொறுப்பு, அடுக்களை வாசனை வெள்ளைக்கரடிகளை அழைத்து வராமல் பார்த்துக்கொள்வது. பிரியாணி வாசனையை வைத்தே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கல்யாண ஆர்டர் பிடித்தவரை இதற்கு யார் தேர்ந்தெடுத்தார்களோ!

ஊரில் இருக்கும் மாதங்களில், சட்டி அடுப்பிலிருக்கும்போது வாசலுக்கு யார் வந்தாலும் வெறும் வயிற்றோடு போக விடமாட்டார். சிலிண்டர் போட வந்தவர், கேபிள் பணம் கேட்டு வந்தவர், தெருப் பூனைகள். பூனைக்கு முள் எடுத்துத்தான் மீன். "தொண்டையில குத்திட்டா அது யார்ட்ட போயிச் சொல்லும்?" நாய்க்கும் உண்டு, மாடியிலிருந்து எறிவார்.

மனைவி சௌதா இதைச் சும்மா விடுவதில்லை. "ஊருப் பூனைக்கெல்லாம் முள்ளெடுத்து ஊட்டுதாவ. அங்க பட்டினியா வந்து நின்ன கரடிக்கு ஒரு துண்டு போட மனசு வரல. கேளுங்க அவியகிட்ட."

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு," என்றவர், அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார். "பனிதாங்க அதுக்கு வயக்காடு. அது மேல நின்னுதான் கடல்நாயப் புடிக்கும். இப்ப பனி முந்தியே உருகிப் போயிருது. கரையேறி சும்மா அலையுது. அம்புட்டுப் பெரிய உருப்படி, விலா எலும்பு தெரியுது."

"ஒரு துண்டு போட்டால்தான் என்ன?" என்றேன்.

"ஒருக்கா ருசி கண்டா, பொறவு நம்ம அடுப்படியச் சுத்தித்தான் வரும். உள்ள வந்தா சுட்டுருவாவ." சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கிறவரில்லை.

போன கோடையில் அவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கரடி வந்தது. முகாமின் எல்லைக் கம்பிக்கு அப்பால், மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பியைத் தாண்டினால் சுடவேண்டும் என்பது உத்தரவு. காவலர் துப்பாக்கியை எடுத்துவிட்டார். பிச்சை முகம்மதுவின் கை, அவரைக் கேட்காமலேயே தட்டில் மீனை அள்ளி வைத்திருந்தது. கால் கதவுவரை போய்விட்டது.

"வாசல்ல ஆள் வந்து நிக்க மாதிரியே நின்னுச்சுங்க."

தட்டோடு உள்ளே திரும்பினார். அடுப்பை அணைத்தார். பொரித்தது அத்தனையையும் இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். பெரிய தேக்சாவையும் அதன் மூடியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கரடி கடலில் இறங்கி நீந்தத் தொடங்கும்வரை, இரண்டையும் ஓங்கி ஓங்கி அடித்தார்.