வழியனுப்பி வைத்த குடும்பம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, செராஸ் பாசாரில் மாவியைப் பார்த்தேன்.

பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் சபையைப் பொறுத்தவரை மாவி அந்த நேரத்தில் அமெரிக்காவில் இருக்க வேண்டியவள். நாங்கள்தான் கேக் வெட்டி, பாட்டுப் பாடி, அழுது அனுப்பி வைத்தோம். அவளோ ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு சீனர் கடையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

என் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், ரெண்டு கெம்போங் மீன் வாங்கலாம் என்று போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆள் மாறிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

“டீச்சர்... சர்ச்சுல சொல்லாதீங்க” என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை, அதற்கு முன்பே இதுதான்.

மாவி மியன்மாரின் சின் மலைப்பக்கத்துப் பெண். ராணுவத்துக்குப் பயந்து புருஷன் தாங்கோடு இங்கே ஓடி வந்தவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் அடுக்களையில் பாத்திரம் கழுவியே தமிழ் பழகிக்கொண்டாள். என் பேரப்பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுவாள். மகள் எஸ்தர் இங்கே பிறந்தவள். அகதிப் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது என்பதால், எங்கள் மெதடிஸ்ட் சபை ஒரு கடைவீட்டின் மாடியில் சின்னப் பள்ளி நடத்துகிறது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். எஸ்தர் என் வகுப்பு.

பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து, அவர்களுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது. விமான டிக்கெட்டும் வந்தது.

வழியனுப்பி வைப்பதில் எங்கள் சபையை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. குடும்பத்தை முன்னால் கூப்பிட்டு நிறுத்துவோம். பாஸ்டரும் மூப்பர்களும் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். பெண்கள் அழுவோம். அப்புறம் ஹாலில் மீகூன், கறி, கேக், ஆளாளுக்கு ஒரு பேச்சு. இதோடு ஸ்டெல்லாவின் கோட்டுகள் வேறு. ஸ்டெல்லா எங்கள் நிவாரணப் பிரிவின் தலைவி. பிள்ளைகளை லண்டனில் படிக்க வைத்த வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கி, பீரோவில் கிடக்கும் குளிர் கோட்டுகளை வாங்கி வந்து, போகிறவர்களுக்குப் போட்டுப் பார்ப்பாள். எஸ்தருக்கு ஒரு சிவப்புக் கோட்டு. ஃபேன் ஓடிக்கொண்டிருந்த ஹாலில் அதைக் கழற்றவே மாட்டேன் என்று வியர்க்க வியர்க்க நின்றாள். நாங்கள் படம் எடுத்துத் தள்ளினோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஜெபத்தில் பாஸ்டர் அவர்களை மறக்கவில்லை. “குளிர் தேசத்தில் இருக்கும் மாவியின் குடும்பத்தைக் காத்தருளும்” என்பார். நாங்கள் ஆமென் சொல்வோம்.

நடந்தது இதுதான். கிளம்புவதற்கு முன்னால் அறையைக் காலி செய்து, மெத்தையையும் ரைஸ் குக்கரையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, செராஸில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கினார்கள். அங்கே இருக்கும்போது போன் வந்தது. அமெரிக்கா அகதிகளை எடுப்பதை நிறுத்திவிட்டது. இனிமேல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

“அப்பவே சர்ச்சுக்கு வந்திருக்கலாமே” என்றேன்.

“எப்படி டீச்சர்? எல்லாரும் அழுதாங்க. அவ்ளோ சாப்பாடு, அவ்ளோ கிஃப்ட். திரும்ப வந்து நின்னா ஏமாத்துன மாதிரி இருக்கும்லா.”

மீன்காரர் இங்கே பார்த்து முறைத்தார். அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். “எஸ்தர் எந்த ஸ்கூல்ல?” என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிள்ளை வீட்டில் சும்மா இருந்தது.

எனக்கு ரகசியம் தங்காது. தங்கினால் வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு எதை எழுதுவது? ஆனால் அந்தச் சின்னப் பெண் படிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பதை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆமென் சொல்ல முடியவில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ரெண்டு பேருமாக மாவி தங்கியிருந்த ஃபிளாட்டுக்குப் போனோம்.

ஒரே வீட்டில் மூன்று குடும்பம். அறைக்கு நடுவில் துணி கட்டியிருந்தார்கள். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் மாவி உள்ளே போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை கொண்டுவந்தாள். கோட்டுகள். துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

“அக்கா, இத வேற குடும்பம் போகும்போது குடுங்க.”

எங்கள் ஸ்டெல்லா லேசுப்பட்டவள் இல்லை. நேபாளத்தில் நிலநடுக்கம் என்றால் கூடாரம் அனுப்புவாள். கம்போடியாவுக்குத் தையல் மெஷின், கிள்ளான் வெள்ளத்துக்கு அரிசி மூட்டை. லோரிக்காரர்களைப் பேசியே மடக்குவாள். அன்றைக்கு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “இப்ப யாரும் போகலம்மா” என்று மட்டும் சொன்னாள்.

எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என் இடத்துல யாரு டீச்சர் இருக்கா?”

வேறொரு பிள்ளை இருக்கிறது. வரிசையில் காத்திருந்த பிள்ளை, அதை எப்படி எழுப்புவது? “இன்னொரு நாற்காலி போட்டா போச்சு” என்றாள் ஸ்டெல்லா. “ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வாங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

வந்தார்கள். பாஸ்டர் நல்ல மனுஷன். குளிர் தேசத்தை விட்டுவிட்டு, அவர்களை வரவேற்று இரண்டு வார்த்தை பேசினார். எல்லோரும் கை தட்டினோம். எனக்கும் மனசு லேசானது.

ஆராதனை முடிந்து டீ நேரம். அங்கேதான் வினை.

“எப்போ மறுபடி கூப்பிடுவாங்க?” என்று ஒரு ஆன்டி. “ஆஸ்திரேலியா ட்ரை பண்ணலாமே” என்று ஒரு அங்கிள். “கவலப்படாதீங்க, சீக்கிரம் போயிடுவீங்க லா” என்று இன்னொருவர். ஒருவர் விடாமல் வந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆறுதல்தான் சொன்னார்கள். மாவி பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு “தெரியல அங்கிள்... தெரியல ஆன்டி” என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். தாங் நைஸாக நழுவி மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். நானாவது சும்மா இருந்தேனா? அவன் பக்கத்தில் போய், “டேட் ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டேன். அவன் நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டான். அது எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எஸ்தருக்காகப் போட்ட நாற்காலியில் இப்போது பிள்ளைகளின் பைகளை வைக்கிறோம்.

பாசாருக்கே போய்க் கேட்டேன். மாவி மீனை வெட்டிக்கொண்டே பேசினாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க சர்ச்சுல எல்லாரும் நல்லவங்க. ஆனா அங்க வந்தா நாங்க போகாதவங்க. இங்க நான் மீன் வெட்றவ, அவ்ளோதான்.”

“எஸ்தர்?”

“அவ அழறா. அனுப்பத்தான் ஆசை. ஸ்கூலும் அதே ஆளுங்கதானே டீச்சர்? அவகிட்டயும் கேப்பாங்க.”

இதைப் பத்தியில் எழுதட்டுமா, பேரை மாற்றிவிடுகிறேன் என்றேன். “எழுதுங்க. நாங்க தமிழ் பேப்பர் படிக்க மாட்டோம்” என்று மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஸ்டெல்லா செராஸிலேயே ஒரு சின்ன வகுப்பு தொடங்கலாமா என்று அலைந்துகொண்டிருக்கிறாள். இடம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆசியா முழுக்க ஆள் அனுப்பி, அரிசி அனுப்பி, ஜெபமும் அனுப்புகிற சபை எங்களுடையது. அதில் பொய் இல்லை.

எப்போது போவீர்கள் என்று அந்த ஹாலில் எல்லோரும் கேட்டோம். எங்களோடு இருங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை — நானும்தான்.