இரும்புக்கு விரித்த வைக்கோல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில், மூணாறிலிருந்து பள்ளிவாசலுக்கு இறங்கும் மலைப்பாதையில் இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கனரக வாகன லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், வடகரப்பதிப் பக்கம். தோட்டத்தில் அப்பாவின் டிராக்டரை ஓட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? முதலமடையில் மாங்காய் சீசனுக்கு மினி லாரி ஓட்டப் போனேன். இரண்டு சீசன் ஓட்டினேன். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம், லாரித் தரையில் வைக்கோலைத் தாராளமாக விரித்து அதன் மேல்தான் பெட்டிகளை அடுக்க வேண்டும் என்பது. மாங்காய் அடிபட்டால் அப்புறம் வியாபாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நாம்தான்.

அதன் பிறகு பாலக்காட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இரண்டு பிளாட்பெட் லாரிகள் இருந்தன. பக்கப்பலகை எதுவும் இல்லாமல், பின்னால் வெறும் தட்டையாக இருக்கும் வண்டி. இயந்திரம், இரும்பு என்று கனமான சாமான்களைச் சங்கிலியால் கட்டி ஏற்றிப் போவதற்கானது. அணைத்துப் பிடிக்கப் பலகை கிடையாது என்பதால் கட்டு ஒன்றுதான் சரக்குக்குக் காவல். சில வாரம் சமவெளியில் ஓட்டவிட்டுப் பார்த்த பிறகு, பாய் எனக்கு முதல் மலை லோடைக் கொடுத்தார். பாதி வழியில் அழுதுகொண்டே போன் பண்ணுவேன் என்று மற்ற டிரைவர்கள் பந்தயம் கட்டியது என் காதுக்கும் வந்தது.

பாய் மட்டும், “போய்ட்டு வா அம்மிணி. இந்த ஒரு லோடு ஒழுங்கா எறங்கிருச்சுன்னா இந்த வண்டி இனி உன் கைலதான்” என்றார்.

லோடு என்பது ஒரு ரோலர். தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலையை உருட்டிப் பிசையும் இயந்திரம். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் ஏற்றிக்கொண்டு, பள்ளிவாசல் அருகே இருக்கும் ஒரு ஃபேக்டரியில் இறக்க வேண்டும். கூட வருவதற்கு ஃபேக்டரியிலிருந்து ஃபிட்டர் ஒருவர் வந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். புதுப் பச்சைப் பெயின்ட்டில் ரோலர் பளபளவென்று நின்றது. அந்தப் பெயின்ட்டைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மாங்காய்க்காரி விழித்துக்கொண்டாள். கீறல் விழக்கூடாதே என்று ஓடிப்போய் இரண்டு கட்டு வைக்கோல் வாங்கி வந்து மெத்தை மாதிரி விரித்தேன். ஃபிட்டரும் நல்ல யோசனை என்றார். கிரேன் ரோலரை அதன் மேல் இறக்கியது. நானே சங்கிலி போட்டு இறுக்கினேன். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன் என்றால் என் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடுமலை தாண்டி, சின்னாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். அங்கிருந்தவர் நேராக ஃபிட்டர் பக்கம் போய் அவரிடம் லைசென்ஸ் கேட்டார். அவர் என்னைக் கை காட்டினார். அந்த மனிதர் என் லைசென்ஸையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பார்வையில், நான் இருக்கையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறையூரில் டீ குடிக்க இறங்கியபோது லோடைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பார்த்தேனே தவிர, சங்கிலியைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏற்றும்போது ஒரு சாண் உயரம் இருந்த வைக்கோல், அத்தனை கனத்துக்கு அடியில் அப்பளமாக நசுங்கியிருந்தது. ரோலர் எவ்வளவு கீழே இறங்கியதோ, சங்கிலி அவ்வளவு தளர்ந்திருந்தது. மாங்காய்ப் பெட்டிக்குச் செய்ததை இரும்புக்கும் செய்தால் இதுதான் நடக்கும். அது எனக்கு அப்போது தெரியாது.

மூணாறைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சாலை இறக்கம். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து தொம் என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல வண்டி முன்னால் போனது. வளைவை மெல்லக் கடந்து, நேராக இருந்த இடத்தில் ஓரம் கட்டி, சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்துவிட்டு மேலே ஏறிப் பார்த்தேன்.

ரோலர் ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. சங்கிலி தொய்ந்து கிடந்தது. நனைந்த வைக்கோல் சோப்புப் போட்டமாதிரி வழுக்கியது. இன்னும் ஒரு பலமான பிரேக் போட்டிருந்தால் அது எங்கள் கேபினுக்குள் வந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை, எட்டு மாதக் குட்டி.

ஃபேக்டரியில் இறக்குவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். ஃபிட்டருக்கு அந்த அவசரம்.

“சங்கிலிய இறுக்கிட்டு மெதுவா உருட்டிட்டுப் போயிருவோம்மா. மூணு கிலோமீட்டர்தான கெடக்கு” என்றார்.

நான் சாலைக்குக் கீழே பார்த்தேன். அடுத்த வளைவுக்கு நேர் கீழே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகள். ஒரு வீட்டில் புகை வந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கொடியில் நனைந்துகொண்டிருந்த துணிகளை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார். லோடு சரிந்தால் போய் விழுவது அந்தக் கூரைகளின் மேல்தான். வைக்கோல் மொத்தத்தையும் எடுக்காமல் வண்டி நகராது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அதற்குள் பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் காதைப் பிளந்தது. காரிலிருந்து இறங்கிய ஒருவர் போனில் எங்களை வீடியோ எடுக்கத் தொடங்கினார். இலை பறிக்கும் பெண்களை ஏற்றி வந்த எஸ்டேட் ஜீப்பின் டிரைவர் விறுவிறுவென்று வந்து, லோடைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

“எவன்யா இப்பிடி ஏத்துனது?”

ஃபிட்டர் என் காதருகே குனிந்து, “கிரேன்காரன் ஏத்துனான்னு சொல்லிரு தாயி, சோலி முடிஞ்சது” என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் கிரேன்காரருக்கு இது தெரியவா போகிறது? என் தப்பு என்று தெரிந்தால் பாய் வண்டியைக் கையில் தருவாரா? பந்தயம் கட்டியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே. இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. ஆனால் அந்த வைக்கோலை விரித்த கைகள் இரண்டும் என் கண் முன்னால்தானே இருந்தன!

“நாந்தானுங்க ஏத்துனேன். வைக்கோலப் போட்டது என் தப்பு. அத எடுக்கோணும், ஒரு கை குடுங்க” என்றேன்.

ஜீப் டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திரும்பி நடந்தார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தேன். அவர் தன் ஜீப்பிலிருந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னாலேயே அந்தப் பெண்களும் இறங்கினார்கள். இரண்டு பேர் மேல் வளைவுக்கும் இரண்டு பேர் கீழ் வளைவுக்கும் போய், துண்டை வீசி வண்டிகளை ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் விட்டார்கள். பேருந்துக்காரர்கூட அவர்கள் பேச்சைக் கேட்டு நின்றார்.

முதலில் ரோலர் இன்னும் முன்னால் வராதபடி பின்பக்கமாகச் சங்கிலியை இழுத்துக் கட்டினோம். பிறகு ஒவ்வொரு மூலையாக ஜாக்கி வைத்து விரல்கடை உயரம் தூக்குவது, அடியிலிருக்கும் வைக்கோலைக் கம்பியால் சுரண்டி எடுப்பது, இறக்குவது. ஜாக்கியை எங்கே வைத்தால் இயந்திரம் தாங்கும் என்பது ஃபிட்டருக்கு அத்துப்படி. முகத்தைச் சுருக்கியவர், ஈரமான லாரித் தரையில் குப்புறப் படுத்து என்னைவிட அதிகமாகச் சுரண்டினார். வைக்கோல் இருந்த இடத்தில் வழுக்காத எதையாவது கொடுக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். சக்கரங்களுக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்கும் ரப்பர்கள் கண்ணில் பட்டன. பாய் புதிதாக மாட்டி, மஞ்சள் பெயின்ட்டில் கடைப் பெயர் எழுதி அழகு பார்த்தவை. கத்தியை எடுத்து அத்தனையையும் அறுத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் சங்கிலியை இறுக்கி, ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

வண்டியை எடுக்கும் முன் பாய்க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேறு டிரைவரை அனுப்புவதானால் காத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். யாருக்காவது அடி பட்டதா, மெஷினுக்கு ஏதாவது ஆனதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“அப்பறம் என்ன? நீயே கொண்டு போய் எறக்கிட்டுக் கூப்புடு” என்றார்.

ரப்பரை அறுத்ததைச் சொன்னபோதுதான் மனுஷனுக்குக் கோபம் வந்தது. அதற்கு மட்டும் வயிறு நிறையத் திட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

அந்த மூன்று கிலோமீட்டரை நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். ஃபேக்டரியில் ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். ரோலரை இறக்கினார்கள். ஜாக்கி பட்ட இடத்தில் ஒரு கீறல் இருந்தது, அதையும் நானே காட்டிக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று மேனேஜர் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் ஃபிட்டர் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். தன்னையும் விட்டுவைக்கவில்லை.

“நாந்தான் சார் போயிரலாம்னு சொன்னேன். இந்தப் பிள்ள முடியாதுன்னுருச்சு. கீழ நம்ம லயத்துலதான் சார் எம் பிள்ளைங்களும் இருந்துச்சு” என்றார்.

அவர் வீடு அங்கே என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கே அது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இன்றும் அதே லாரியைத்தான் ஓட்டுகிறேன். கிளம்பிப் பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, சங்கிலியைக் கையால் இழுத்துப் பார்க்காமல் மேலே போவதில்லை. மலை ஏறி இறங்கிய கதையைக் கேட்டு ஊரில் மெச்சுகிறார்கள், எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் தனியாக ஸ்டியரிங்கைப் பிடித்துப் போகும்போது நான் பெருமைப்படுவது, கொட்டும் மழையில் அத்தனை பேர் முன்னால் குரல் நடுங்க நடுங்க ‘என் தப்பு’ என்று சொன்ன அந்தப் பெண்ணை எண்ணித்தான்.